சலூன் முடியும் லீக்ஸ் பாத்தியும்: தலவாக்கலைப் பக்கத்து லயமொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

முடியைக் கூட்டெருவில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்தான் கிடைக்கும்: தாராளமாகப் போடலாம், முடியில் நைதரசன் நிறைய இருக்கிறது. உண்மைதான், மாட்டுச் சாணியில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆனால் முடியில் நைதரசன் இருப்பது வேறு, அது கோவாவின் (முட்டைக்கோசின்) வேருக்கு வந்து சேருவது வேறு. மலையகத்தின் குளிரிலும் ஈரத்திலும் இந்த இரண்டுக்கும் நடுவில் பல மாதங்கள் கிடக்கின்றன. அதைக் கணக்கில் எடுக்காமல் முடியைக் கொட்டுகிறவர்கள் ஏமாந்துபோய், "முடி உக்காது" என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறார்கள். முடி உக்கும். அதற்கு என்னென்ன வேண்டும் என்பதைத் தலவாக்கலைக்குக் கிட்டே ஒரு லயத்து வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றின், பின்காணியில் தொடர்ந்து பார்த்து வந்தேன். பார்த்ததையும், அதன் காரணங்களாக நான் விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சென் கூம்ஸ் மலை கடல்மட்டத்திலிருந்து 1,382 மீட்டர் உயரம். இந்தக் காணியும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான். வருடம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால் சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. மண் புளித்த மண், அதாவது அமிலம் கூடியது, பழைய தேயிலை மண். காணியின் பரப்பு நாலு பேர்ச், ஏறத்தாழ நூறு சதுர மீட்டர் இருக்கும், அதுவும் சரிவு. லீக்ஸ், கோவா, போஞ்சி, கொஞ்சம் கரட். மாடு ஒன்று, கோழிகள் சில.

காணியைப் பார்த்துக்கொள்பவர் கொழுந்து பறித்து இளைப்பாறிய ஒரு அம்மா. அவருடைய அண்ணன் மகன் டவுனில் சின்னதாக ஒரு சலூன் வைத்திருக்கிறார். முடி வந்து சேர்ந்தது அந்த வழியில்தான். காலமும் அதற்குத் தோதாக இருந்தது. 2021 மே 6-ஆம் திகதி வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனாலும் யூரியா பழைய விலைக்குத் திரும்பவில்லை, 2022-இன் டொலர் நெருக்கடியில் இன்னும் ஏறியது. மரக்கறி போடுகிறவர்கள் நைதரசன் எதில் இருக்கிறது என்று தேடி அலைந்த காலம் அது. கோழி எருவுக்கும் விலை ஏறியிருந்தது. வீட்டில் இருந்த ஒரு மாட்டின் சாணி நாலு பேர்ச்சுக்குப் போதவில்லை.

"அத்த, மூட்ட மூட்டையாச் சேருது. சபை லொறிக்காரங்க உக்குற குப்பையில இதப் போடாதீங்கங்கிறாங்க. ஒங்க தோட்டத்துக்குப் பிரயோசனப்படுமா?" என்று மருமகன் கேட்டிருக்கிறார்.

"கொண்டாப்பா. மண்ணுல போட்டா எல்லாம் மண்ணாயிரும்" என்றிருக்கிறார் அம்மா.

முதல் குழி

வீட்டுக்குப் பின்னால் ஏற்கனவே ஒரு குப்பைக் குழி இருந்தது. அதில் அடியில் மானாப்புல், அதன்மேல் ஒரு உரப்பை முடி, அதன்மேல் சமையலறைக் கழிவு, தேயிலைச் சக்கை, திரும்பவும் புல். இப்படித்தான் போட்டிருந்தார்கள். நான் அந்தக் குழியைப் பார்த்தது மழைக்காலம் பாதி போன பிறகு.

மண்வெட்டியால் மேல்பகுதியைத் தள்ளிப் பார்த்தோம். மேலே கிடந்த புல்லும் கழிவும் கறுத்துக் கூழாகி, முட்டை அழுகிய வாடை அடித்தது. அதற்குக் கீழே மண்வெட்டி இறங்க மறுத்தது. முடி மழையில் ஒன்றோடொன்று பின்னி, பழைய கம்பளியைப் போல ஒரே விரிப்பாகிக் கிடந்தது. அந்த விரிப்பின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது. கையால் ஒரு ஓரத்தைப் பிய்த்துப் பிரித்துப் பார்த்தேன். வெளிப்புறத்து முடிகள் மங்கியிருந்தன, அவ்வளவுதான். உள்ளே கிடந்தவை வெட்டின அன்றைக்கு இருந்த அதே பளபளப்போடு, ஈரம்கூடப் படாமல் இருந்தன. விரிப்புக்குக் கீழே இருந்த மானாப்புல்லும் காய்ந்தபடியே கிடந்தது.

அம்மாவுக்கு மனசு விட்டுப் போயிருந்தது. எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுபோய் ஓடைப் பக்கம் கொட்டிவிடலாம் என்றுகூடச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் குழிக்குள் கிடந்தது பல கிலோ நல்ல பசளை. அதைத் திறக்கும் சாவிகள்தான் குழிக்குள் இல்லை.

முடிக்குள் என்ன இருக்கிறது

முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதன் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் நைதரசன். ஆக, ஒரு கிலோ முடியில் 150 கிராம். பச்சை மாட்டுச் சாணியில் நைதரசன் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கிலோ முடியில் உள்ள நைதரசனைச் சாணியிலிருந்து எடுக்க வேண்டுமானால் 30 கிலோ சாணி சுமக்க வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் என்பதால், மூன்று கிலோ முடி ஒரு கிலோ யூரியாவுக்கு ஈடு. கூடவே 5 சதவீதத்தை ஒட்டிக் கந்தகமும் இருக்கிறது. லீக்ஸ், வெங்காயம், கோவா, நோக்கோல் எல்லாம் கந்தகத்தை விரும்பிக் கேட்கும் பயிர்கள். மலையகத்தில் அதிகம் போடுவதும் இவற்றைத்தான் என்பதால், முடி நமக்கு இரட்டிப்பு உபயோகம். பொஸ்பரசும் பொட்டாசியமும் முடியில் பெயரளவுக்குத்தான். அதற்கு அடுப்புச் சாம்பலும் சாணியும் இருக்கின்றன.

சிக்கல் அதே கந்தகத்தில்தான் ஆரம்பிக்கிறது. கெரட்டின் இழைகளைக் குறுக்கே பிணைத்துப் பூட்டி வைத்திருப்பது கந்தகப் பிணைப்புகள். இறைச்சியையும் பருப்பையும் ஒரு வாரத்தில் கரைத்துவிடும் நுண்ணுயிர்களால் இந்தப் பூட்டை உடைக்க முடியாது. அதற்கென்றே சில இருக்கின்றன: பசிலஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்ற பக்டீரியாக்கள், ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகள், முடியையும் இறகையும் தின்று வாழும் சில பூஞ்சைகள். நல்ல மண்ணிலும் சாணியிலும் இவை இயல்பாகவே இருப்பவை, கடையில் வாங்க வேண்டியதில்லை. ஆனால் வேலை செய்ய அவற்றுக்குச் சூடும் காற்றும் ஈரமும் வேண்டும். முதல் குழியில் சூடு இல்லை, காற்று இல்லை, ஈரம் இருந்தும் முடிக்குள் இறங்கவில்லை. தலையில் ஊறும் எண்ணெயும் முடியின் மேலே இருக்கும் செதிலடுக்கும் தண்ணீரைத் தள்ளிவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. கூட்டெரு சரியாகச் சூடேற, காபன் நைதரசனைப் போல் 25 முதல் 30 மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. முற்றிக் காய்ந்த புல்லில் 60 முதல் 80 மடங்கு வரை இருக்கும். முடியில் மூன்று மடங்குதான். பதின்மூன்று கிலோ காய்ந்த புல்லோடு ஒரு கிலோ முடியைச் சேர்த்தால் தாளில் கணக்கு அழகாக வந்துவிடும். குவியலில் வராது. முடியில் இருக்கிற நைதரசன் பூட்டிக் கிடப்பதால், முதல் சில வாரங்களுக்கு அது இல்லாததற்குச் சமம். நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு உடனே கிடைக்கும் நைதரசன் வேண்டும். அவை பெருகினால்தான் குவியல் சூடேறும், சூடேறினால்தான் முடி உடையும். இந்த வரிசையை மாற்ற முடியாது. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ வெயில் கொஞ்சம் ஈடுகொடுக்கும். 18 பாகையில் குவியல் தானாகவே சூட்டை உண்டாக்க வேண்டும். அதனால் என் வழி இது: மலையகத்தில் முடியை நைதரசன் என்று எண்ணி அடுக்கக் கூடாது. முடியே இல்லாவிட்டாலும் நன்றாகச் சூடேறக்கூடிய ஒரு குவியலை முதலில் கட்ட வேண்டும். முடி அதற்குள் விருந்தாளியாக வர வேண்டும்.

பிரித்து அடுக்கியது

குழியை விட்டுவிட்டுத் தரைக்கு மேலே குவியல் போட்டோம். அடியில் தேயிலைக் கவாத்துக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டது காற்றுக்காக. அந்தக் குச்சிகளுக்கு மலையகத்தில் பஞ்சமே இல்லை.

பெரிய வேலை முடியைப் பிரிப்பது. அந்த விரிப்பை முள்ளுக் கரண்டியால் கிழித்து, கையால் உதறி, நறுக்கிய மானாப்புல்லோடு கலந்து கலந்து போட வேண்டியிருந்தது. மருமகன் புதிதாகக் கொண்டுவந்த முடியைச் சாணிக் கரைசலில் ஒரு இரவு ஊறவைத்தோம். சாணிக் கரைசல் இரண்டு காரியம் செய்கிறது: எண்ணெய்ப் பசையை எடுத்து ஈரத்தை உள்ளே விடுகிறது, கூடவே நுண்ணுயிர்களையும் முடியோடு ஒட்டிவிடுகிறது. ஊறிய முடியை ஒரு அடுக்காகப் போடவே இல்லை. கைப்பிடியாக எடுத்துப் புல்லின்மேல் உதறி, அதைச் சாணியால் மூடி, மேலே காட்டுச் சூரியகாந்தியின் இலையையும் இளந்தண்டையும் வெட்டிப் போட்டோம். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை ரோட்டோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அந்தச் செடி சீக்கிரம் உக்கும், நைதரசனும் அதில் நிறைய. குவியலைத் தொடக்கிவைக்க இதைவிட மலிவான பொருள் எனக்குத் தெரியாது.

அளவு பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள குவியலுக்கு இரண்டு அல்லது மூன்று கிலோ முடி போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் பிரித்துக் கலப்பது முடியாத காரியம், கட்டிபட்டுவிடும். சாம்பலையும், மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளையும் குவியலுக்குள் அள்ளிக் கொட்டக் கூடாது. குவியல் சூடாக இருக்கும்போது அவை சேர்ந்தால் நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும், அந்தக் கார வாடை மூக்கில் ஏறும்போதே நஷ்டம் தெரியும். அவற்றைப் பிறகு பாத்தியில் போட்டுக்கொள்ளலாம்.

மேலே, கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்குகளைப் போட்டு மூடினார் அம்மா. மழை நேரே இறங்காது, சூடும் நிற்கும். சில நாளில் ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவிப் பார்த்தோம். கம்பியைத் தொடர்ந்து பிடித்திருக்க முடியவில்லை. 55 பாகைக்கு மேல் போனால்தான் அப்படிச் சுடும். தெர்மோமீட்டர் இல்லாதவர்களுக்கு இந்தக் கம்பியே போதும். சூடு தணியும்போதெல்லாம் வெளிப்பக்கத்தை உள்ளேயும் உள்பக்கத்தை வெளியேயும் புரட்டிப் போட்டார்கள். புரட்டும்போது உள்ளே சாம்பல் தூவியது மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்து அம்மா பயந்தார். அது பயப்பட வேண்டியதல்ல. முடியை உடைக்கும் வேலையில் முன்னால் நிற்பதே அந்த வெண்படலம்தான்.

முடி உக்குகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு இழையை எடுத்து இரண்டு கை விரல்களாலும் பிடித்து இழுக்க வேண்டும். உக்காத முடி இழுபட்டு, விட்டவுடன் சுருங்கும். பூட்டு உடைந்த முடி இழுபடாது, சட்டென்று முறியும். புரட்டும் ஒவ்வொரு தடவையும் அம்மா இப்படி இழுத்துப் பார்ப்பார். கலப்படமில்லாத, குட்டையான ஆண்பிள்ளைகளின் முடி முதலில் முறியத் தொடங்கியது. நீளமான முடி பின்தங்கியது. கூட்டெரு கறுத்து, மண்வாடை வந்து, பாத்திக்குப் போகத் தயாரான நேரத்திலும் அங்கங்கே இழைகள் தெரிந்தன. அதைப் பார்த்து இன்னும் ஆகவில்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. விரலுக்குள் பொடியும் அளவுக்கு வந்துவிட்டால் மீதியை மண் பார்த்துக்கொள்ளும்.

சலூன் மூட்டைக்குள் இருந்தவை

இதை எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு யாருக்காவது கேடாக முடியும். முதல் மூட்டைகளைப் பிரித்தபோது முடியோடு வந்தவை: உடைத்த பாதி பிளேட், ஷேவிங் நுரை துடைத்த தாள், பஞ்சு, கழுத்துப் பட்டித் தாள், சிகரெட் கட்டை, டை கலந்த பிளாஸ்டிக் கிண்ணம். வெறுங்கையால் முடியைப் பிரிக்கிற வேலையில் இரத்தம் பட்ட பாதி பிளேட் என்றால் விளையாட்டல்ல. ஹெப்படைட்டிஸ் பி போன்ற நோய்கள் அந்த வழியில் தொற்றக்கூடியவை.

சலூனில்தான் இதைத் தீர்க்க முடியும், தோட்டத்தில் முடியாது. மருமகன் இரண்டு வாளி வைத்தார். வெறும் முடிவெட்டு முடிந்தவுடன் கூட்டுவது ஒரு வாளிக்கு. ஷேவ், டை, மற்ற எல்லாம் அடுத்த வாளிக்கு. பிளேட்டுக்கு மூடியுள்ள தகர டப்பா. அதற்குப் பிறகும் மூட்டையை ஒரு பொலித்தீன் விரிப்பில் கொட்டி, குச்சியால் கிளறிப் பார்த்து, கையுறை போட்டுத்தான் எடுக்கிறார்கள். அவர் இதைச் சலிப்பில்லாமல் செய்கிறார் என்பதை மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். கடை பூட்டுகிற நேரத்தில் களைத்துப்போய் நிற்கிறவருக்கு இது கூடுதல் வேலை.

டை அடித்த முடியை மரக்கறிக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். கறுப்பு டையில் இருக்கும் பாரா-பினைலீன்டையமின் தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும், பிரித்துக் கலக்கிறவரின் கைதான் முதலில் படும். டை இல்லாத முடி வேண்டிய அளவுக்கு இருக்கும்போது அதை எடுக்கத் தேவையும் இல்லை.

கோயில் பாத்தி

முடி விஷயத்தில் மண்ணைவிட மனசு கடினம். சீவிய முடியைச் சுருட்டிக் கண்ட இடத்தில் போடக் கூடாது, தரித்திரம், செய்வினைக்கு எடுத்துவிடுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டையே தள்ளி வைப்போம். பக்கத்து வீட்டுப் பாட்டி நேராகவே கேட்டார்: "ஏம்மா, முடி போட்ட மண்ணுல வெளஞ்சதக் கொண்டுபோயி ஆத்தாவுக்கு எப்பிடிப் படைக்கிறது?"

அந்த லயத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு வீட்டுக்கு வீடு மரக்கறி கொடுக்கும் வழக்கம் உண்டு. பாட்டியின் கேள்வியை அம்மா தள்ளிவிடவில்லை. ஒரு பாத்தியை ஒதுக்கி, அதற்கு முடி சேராத கூட்டெருவை மட்டும் போட்டார். சாணி, புல், காட்டுச் சூரியகாந்தி எல்லாம் அதே மாதிரிதான், முடி மட்டும் இல்லை. அதே சரிவு, அதே மழை, அதே நாற்று. ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்பீட்டுக்கென்று தனியாக ஒதுக்கும் பாத்தி அங்கே பக்தியால் கிடைத்துவிட்டது. இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிகவும் பிரயோசனப்பட்டது அந்தக் கோயில் பாத்திதான்.

முதலில் இரண்டு பாத்தியிலும் சலாது போட்டார்கள். சலாது சீக்கிரம் அறுவடையாகும் பயிர். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் எதுவும் இல்லை. பிறகு அதே பாத்திகளில் லீக்ஸ் நட்டார்கள். லீக்ஸ் மண்ணில் மூன்று நான்கு மாதம் நிற்கும். பாதி வயதில் கோயில் பாத்தியில் அடியிலைகள் வெளுக்க ஆரம்பித்தன, மேற்பசளை கேட்டது. முடிக் கூட்டெரு போட்ட பாத்தி அப்போதும் கரும்பச்சையாக நின்றது. தண்டுப் பருமனில் பெரிய வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். மேற்பசளை இல்லாமல் ஓடியதுதான் வித்தியாசம்.

ஒரு காணியில் ஒரு போகம் பார்த்ததை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் இது தனியாக நிற்கும் செய்தியும் இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்ச்சோ ஜெல்ஜாஸ்கோவும் அவருடைய குழுவினரும் முடிவெட்டும் கடைகளின் முடியை வைத்துச் சலாது, மாசிபத்திரி இனச் செடி போன்றவற்றை வளர்த்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். எதுவுமே போடாத செடிகளைவிட முடி போட்டவை நன்றாக வந்தன. அதே சமயம் முடி உக்கிச் சத்தாக மாற நாளாகும் என்பதால், வேகமாக வளரும் பயிருக்கு முடியை மட்டுமே பசளையாக நம்பக் கூடாது என்றும் சொன்னார்கள். மிசிசிப்பியின் சூட்டிலேயே அப்படி என்றால் தலவாக்கலைக் குளிருக்கு அது இன்னும் பொருந்தும். நட்டு நாற்பது ஐம்பது நாளில் அறுக்கிற பயிருக்கு முடியை எதிர்பார்த்து இருக்கக் கூடாது. லீக்ஸ், கோவா, அல்லது அடுத்த போகம், இப்படி யோசித்துப் போட வேண்டும்.

பாட்டி இப்போது வந்து இரண்டு பாத்தியையும் பார்த்துவிட்டுப் போவார். கோயில் பாத்தி கோயில் பாத்தியாகவே இருக்கிறது. அது அப்படி இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன், நம்பிக்கைக்காகவும் ஒப்பீட்டுக்காகவும்.

மூடாக்காகப் போட்டபோது

கூட்டெரு செய்வதற்குச் சோம்பல்பட்டு, மிஞ்சிய முடியை நேராக லீக்ஸ் வரிசைகளுக்கு நடுவில் பரப்பிப் பார்த்தார் மருமகன். நத்தையும் அட்டை மாதிரி ஊரும் ஓடில்லா நத்தையும் முடிமேல் வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காய்ந்த முடியில் அவை தயங்கும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். மே மாதத்துக்குப் பிறகு மலையகத்தில் காய்ந்த முடி எங்கே இருக்கிறது? மழைக்குப் பிறகு ஒரு பகுதியைத் தூக்கிப் பார்த்தோம். முடி ஒட்டிப் படிந்து தகடாகியிருந்தது. மேலே விழுந்த தண்ணீர் சரிவோடு வழிந்து கீழ்ப்பாத்திக்குப் போயிருந்தது. தகட்டுக்கு அடியில் மண் வறண்டு கிடந்தது. அதன் ஓரத்து ஈரத்தில் கொழுத்த ஓடில்லா நத்தை ஒன்று சுகமாகச் சுருண்டிருந்தது.

அதைவிட மோசம் கோழிக்கு நடந்தது. ஒரு பேடு நொண்டுவதைக் கண்டு பிடித்துப் பார்த்தால், இரண்டு விரல்களைச் சுற்றி ஒரு நீளமான பெண்முடி இறுகிக் கிடக்கிறது. சுற்றிய இடத்தில் தோல் வெட்டுண்டு, விரல்நுனி நீலம் பாரித்திருந்தது. ஊசியால் மெதுவாகத் தூக்கி, நகவெட்டியால் இழை இழையாக வெட்டி எடுத்தார்கள். ஒரு விரல் நுனி போய்விட்டது. மாடப்புறாக்களுக்கும் இதுதான் நடக்கிறது. பாரிஸ் நகரில் ஃபிரெடெரிக் ஷிகே என்பவரும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவெட்டும் கடைகள் அடர்ந்த பகுதிகளில் விரல் இழந்த புறாக்கள் அதிகம் என்று கண்டார்கள். அதனால் நீளமான முடியை மண்ணுக்கு மேலே போடவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. கூட்டெருவில் போடுவதென்றாலும் விரல் நீளத்துக்கு வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். அப்போது உக்குவதும் சுலபம்.

மூடாக்காகப் போட ஆசைப்படுகிறவர்கள் ஒன்று செய்யலாம். குட்டை முடியை மண்ணோடு ஒரு அங்குலம் கிளறிக் கலந்துவிட்டு, அதன்மேல் மானாப்புல்லையோ சவுக்கு இலையையோ தடிப்பாகப் போடலாம். மூடாக்கின் வேலையைப் புல் செய்யும், முடி கீழே மெதுவாக உக்கும். முடி மட்டும் மூடாக்காக நிற்காது, அதிலும் சரிவான காணியில் நிற்கவே நிற்காது. காட்டுப்பன்றிக்காக வரம்பில் முடி தூவும் வழக்கமும் உண்டு. காய்ந்த ஊரில் அதற்கு ஏதாவது பலன் இருக்கலாம். இங்கே இரண்டு மழைக்குப் பிறகு அதில் வாசமும் இல்லை, பறந்து மூக்கில் ஏறும் இலேசும் இல்லை. வேலி போடுவதுதான் வழி.

பங்களா நாயின் முடி

தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்கிறவர் ஒருநாள் ஒரு பை நாய்முடி கொண்டுவந்தார். குளிர் ஊர் என்பதால் சடை நாய் வளர்ப்பவர்கள் இங்கே அதிகம், சீவினால் கூடை நிறைய வரும். நாய்முடி மனித முடியைவிட மெல்லியது, உள்முடி பஞ்சு மாதிரி இருப்பதால் சாணிக் கரைசலில் சீக்கிரம் ஊறும். உக்குவதற்கு அது தோதானதுதான்.

நான் கேட்ட முதல் கேள்வி, நாய்க்கு உண்ணி மருந்து விடுகிறார்களா என்பது. மாதாமாதம் கழுத்தில் சொட்டு மருந்து விடுகிறார்களாம். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொட்டுகளில் இருக்கும் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் போன்றவை பூச்சிகொல்லிகள். தோலின் எண்ணெயோடு முடி முழுக்கப் பரவி நிற்பதற்கென்றே செய்யப்பட்டவை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிட்டு இனப் பறவைகளின் 103 கூடுகளை எடுத்து, உள்ளே மெத்தையாக வைத்திருந்த முடியைச் சோதித்து 2025-இல் வெளியிட்டார்கள். எல்லாக் கூட்டிலும் ஃபிப்ரோனில் இருந்தது. அத்தனையும் பறவைகள் வெளியில் பொறுக்கிய முடி. நம்முடைய காணியிலும் கொண்டைக்குருவிகள் முடியைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கிறோம்.

மலையகத்துக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. இந்த மருந்துகள் தேனீக்கும் நீரில் வாழும் பூச்சிகளுக்கும் மிகக் கொஞ்ச அளவிலேயே நஞ்சு. இந்தக் காணியில் விழும் மழை கீழே ஓடைக்குப் போகிறது, ஓடை கொத்மலை ஓயாவுக்கு, அங்கிருந்து மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு, பிறகு மகாவலிக்கு. மேட்டுநிலத்தில் இருக்கிறவர்கள் மண்ணில் போடுவது கீழே இருக்கிறவர்களின் தண்ணீரில் சேரும். அந்தப் பொறுப்பு நமக்கு மற்றவர்களைவிட அதிகம்.

மருந்து படாத நாய், ஆட்டுக்கடா, முயல் முடியைத் தாராளமாகச் சேர்க்கலாம். பூனைக்கோ நாய்க்கோ படர்தாமரை இருந்தால் அதன் முடியைத் தொடவே வேண்டாம், அந்தப் பூஞ்சை மனிதருக்கும் ஒட்டும். நாய்ப்பீயை முடியோடு சேர்த்துக் கூட்டி எடுத்துவந்து கொட்டுவதும் கூடாது. குடற்புழு முட்டைகள் மரக்கறிப் பாத்திக்கு வந்துவிடும்.

இப்போது நடப்பது

சலூனிலிருந்து வரும் முடியில் பாதியைத்தான் அம்மா எடுக்கிறார். நாலு பேர்ச்சுக்கு அவ்வளவுதான் தாங்கும். மீதியைக் கொஞ்சம் மேலே இருக்கும் ஏழு பேர்ச் காணியோடு கொடுத்த வீட்டுத் திட்டத்துக் குடும்பங்கள் இரண்டு கேட்டு வாங்குகின்றன. அவர்களிடமும் மாடு இருக்கிறது. மாடு இல்லாதவர் ஒருவர் கேட்டபோது, முதலில் சாணிக்கு வழி பார்க்கச் சொல்லி அம்மா திருப்பி அனுப்பினார்.

குவியலை மழைக்கு முன்னால், மாசி பங்குனியில் போடுகிறார்கள். அந்த வெயில் கொஞ்சம் கைகொடுக்கிறது, காட்டுச் சூரியகாந்தியும் வெட்டக் கிடைக்கிறது. மழை பிடிக்கும் நேரத்தில் பெரிய சூடு முடிந்து, குவியல் படங்குக்குக் கீழே ஆறிக்கொண்டிருக்கும். லீக்சுக்கும் கோவாவுக்கும் நடுவதற்கு முன் பாத்தியில் கலக்கிறார்கள். மண் புளிப்பு என்பதால் டொலமைட்டைச் சில வாரம் முந்தியே போட்டுவிடுகிறார்கள். கரட் பாத்திக்கு மட்டும் இந்த எரு போவதில்லை. நைதரசன் கூடினால் இலை செழிக்கும், கிழங்கு கிளைவிட்டுக் கோணலாகும். கரட்டை லீக்ஸ் எடுத்த பாத்தியில், மிஞ்சிய சத்தில்தான் போடுகிறார்கள்.